எண்ணெய் வயலுக்கு சோலார்: 6 மெகாவாட் லோடுக்கு 28 மெகாவாட் பேனலா?

பாளை_டிசைன்

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ஒரு கணக்கில் மாட்டிக்கிட்டு நிக்கேன்.

ஓமன் பாலைவனத்தில் ஒரு எண்ணெய் வயல். வெளி கிரிட் கிடையாது. 2.5 மெகாவாட் கேஸ் எஞ்சின் ஜென்செட் 4 இருக்கு. 3 ஓடுது, 1 ஸ்டாண்ட்பை. சராசரி லோடு 6 மெகாவாட், பவர் ஃபேக்டர் 0.85. இரவுக்கும் பகலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லோடில் பாதி கிணற்றுக்குள் இறக்கியிருக்கும் இஎஸ்பி (எலெக்ட்ரிக் சப்மெர்சிபிள்) பம்பு. மிச்சம் தலையாட்டும் பம்ப்ஜாக், பூமிக்குள்ளே தள்ளுற தண்ணீர் இன்ஜெக்‌ஷன் பம்பு, கம்ப்ரசர், கேம்ப். வயலில் வரும் கேஸ் வருஷா வருஷம் குறையுது, பற்றாக்குறைக்குக் குழாய் வழியா விலைக்கு வாங்குறாங்க. அதனால்தான் சோலார் பேச்சே வந்திருக்கு.

நான் போட்ட கணக்கு: 6 மெகாவாட் × 24 மணி = 1.44 லட்சம் யூனிட். நம்ம நெல்லைப் பக்கம் ஒரு கிலோவாட் பேனல் நாளைக்குச் சராசரி 4.4 யூனிட் தரும், அங்கே 5-க்குக் குறையாது. அப்படின்னா 28.8 மெகாவாட் பேனல். சாயங்காலத்திலிருந்து விடியும் வரைக்கும் பேட்டரி சுமார் 100 மெகாவாட்-மணி. விலையைப் பார்த்ததும் பார்ட்டி கும்பிடு போட்டுட்டாங்க. "சின்னதா ஆரம்பிப்போம், எவ்வளவு வைக்கலாம்னு சொல்லுங்க"ன்னு திருப்பிக் கேக்காங்க. எந்த அடிப்படையில் ஒரு எண்ணைச் சொல்றது?

ஈரடுக்குப்பாலம்

தம்பி, கணக்கைத் தலைகீழா ஆரம்பிச்சிருக்கீங்க. கிரிட் இருக்கிற இடத்தில்தான் யூனிட்டிலிருந்து தொடங்கணும். இது தீவு மாதிரி, வெளியிலிருந்து கரண்ட் வராது. இங்கே சோலாரின் அளவைச் சொல்றது வெயில் இல்லை, எஞ்சின். எஞ்சின் எவ்வளவு கீழே இறங்கும், எவ்வளவு வேகமா மேலே ஏறும்னு ரெண்டு கேள்வி கேளுங்க. அளவு தானா வந்திடும்.

லீன்-பர்ன் (காற்று அதிகம், கேஸ் கம்மியா எரிக்கிற) கேஸ் எஞ்சினை 50 சதவீதத்துக்குக் கீழே நாள் முழுக்க ஓட்டக் கூடாது. எரிதல் சரியிருக்காது, எஞ்சின் ஆயில் மேலேறும், ப்ளக் கரி பிடிக்கும். மூணு எஞ்சினும் ஓடினா அடிமட்டம் 3 × 1.25 = 3.75 மெகாவாட். லோடு 6. அப்போ சோலாருக்கு இடம் 2.25 மெகாவாட்தான். அதுக்கு மேலே வர்ற வெயிலை எல்லாம் இன்வெர்ட்டர் வெட்டி எறியும்.

பகலில் ரெண்டே எஞ்சின் ஓட்டினா அடிமட்டம் 2.5, சோலாருக்கு இடம் 3.5. லாபம் இங்கேதான். ஆபத்தும் இங்கேதான். மேகமோ புழுதியோ வந்து 3.5 என்பது 0.7-க்கு விழுந்தா எஞ்சின் ரெண்டும் சேர்ந்து 5.3 கொடுக்கணும். முழு வலு 5.0. மூணாவதைக் கிளப்பி, ஓடுறதோட சிங்க் (ஒத்திசைவு) பண்ணி, லோடு ஏத்த 3 முதல் 5 நிமிஷம். அந்த இடைவெளியைத் தாங்கத்தான் பேட்டரி. இரவுக்கு இல்லை.

இன்னொரு சோதனையும் போட்டுப் பாருங்க. நடுப்பகலில் ரெண்டு எஞ்சினும் 1.25-ல் ஓடுது, ஒண்ணு ட்ரிப் ஆகுது. மிச்சம் இருக்கிறது 1.25-லிருந்து 2.5-க்கு ஒரே தாவல் தாவணும். காகிதத்தில் போதும். ஆனால் டீசல் மாதிரி கேஸ் எஞ்சின் 50 சதவீத தாவலைத் தாங்காது. ஃப்ரீக்வென்சி சரிஞ்சு அண்டர்-ஃப்ரீக்வென்சி ரிலே வயலையே இருட்டாக்கும். அந்தத் தாவலைப் பேட்டரி வாங்கிக்கிட்டு, எஞ்சினுக்கு மெதுவா கைமாத்தணும். அதனால் பேட்டரி இன்வெர்ட்டர் கிரிட்-ஃபார்மிங் வகையாகத்தான் (தானே வோல்டேஜையும் ஃப்ரீக்வென்சியையும் பிடிச்சு நிறுத்துறது) இருக்கணும். இதில் சிக்கனம் பார்க்காதீங்க.

அளவு: பேட்டரி 3 மெகாவாட். அரை மணி நேரம் தாங்கினா தாராளம், அதாவது 1.5 மெகாவாட்-மணி. ஆனால் சாதாரண எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லை 1சி-க்கு மேலே, அதாவது முழு சார்ஜையும் ஒரு மணி நேரத்தில் தீர்க்கிற வேகத்துக்கு மேலே, இழுக்க முடியாதுங்கிறதால 3 மெகாவாட் வேணும்னா 3 மெகாவாட்-மணி வாங்கித்தான் ஆகணும். உங்க 100 எங்கே, இந்த 3 எங்கே!

பேனல் 4.5 மெகாவாட் பீக், இன்வெர்ட்டர் 4 எம்விஏ (அதன் மொத்தத் தாங்கு திறன்), வெளியே விடுறது 3.5 மெகாவாட். ஒரு கிலோவாட்டுக்கு வருஷத்துக்கு 1,850 யூனிட்னு எடுத்தா 83 லட்சம். உச்சி நேரத்தில் வெட்டுறது போக 80 லட்சம்னு வைங்க. வயலின் மொத்தச் செலவு 5.25 கோடி யூனிட். ஆக 15 சதவீதம். யூனிட்டுக்கு 0.26 கன மீட்டர் கேஸ்னா வருஷத்துக்கு 20.8 லட்சம் கன மீட்டர் மிச்சம். இதை அப்படியே ரிப்போர்ட்டில் போட்டுடாதீங்க. 80 சதவீதத்தில் ஓடுற எஞ்சினை 50-க்கு இறக்கினா யூனிட்டுக்குக் கேஸ் 8 முதல் 10 சதவீதம் கூடத் தின்னும். அதைக் கழிச்ச பிறகு வர்றதுதான் பார்ட்டிகிட்ட சொல்ல வேண்டிய எண்.

பவர் ஃபேக்டரை மறந்துட்டீங்க. 6 மெகாவாட், 0.85-ன்னா 3.72 எம்விஏஆர், அதாவது வேலை செய்யாமல் மோட்டாரின் காந்தப்புலத்துக்காகப் போய்வர்ற பங்கு. சோலார் 3 மெகாவாட்டை யூனிட்டியில் (எம்விஏஆர் எதுவும் தராமல்) கொடுத்தா எஞ்சினுக்கு மிஞ்சுறது 3 மெகாவாட்டும் முழு 3.72 எம்விஏஆரும். ஆல்டர்னேட்டர் 0.63 பவர் ஃபேக்டரில் நிக்கும். எக்ஸைட்டர் சூடேறும். இன்வெர்ட்டரை 2 எம்விஏஆர் தரச் சொல்லுங்க. எஞ்சின் பக்கம் 0.87 வந்திடும், இன்வெர்ட்டருக்கு 3.6 எம்விஏ, 4-க்குள்ளே அடங்கும். 4 எம்விஏ சொன்னதுக்குக் காரணம் இதுதான்.

ஊற்றுக்கிணறு

அண்ணாச்சி சொன்னது கரண்ட் பக்கத்துக் கதை. எண்ணெய் பக்கத்திலிருந்து நான் கொஞ்சம்.

நம்ம ஊர் போர்வெல்லில் சப்மெர்சிபிள் நின்னா ஸ்டார்ட்டரை அமுக்கினா போச்சு. இஎஸ்பி அப்படி இல்லை தம்பி. நின்ன நொடியில் ஆயிரக்கணக்கான அடி உயரத்துக்கு நிக்கிற எண்ணெயும் தண்ணீரும் குழாய் வழியா கீழே இறங்கும், பம்பு தலைகீழா சுத்தும். அந்த நேரம் கரண்ட் கொடுத்தா ஷாஃப்ட் முறியும். அரை மணி நேரமாவது காத்திருந்து, பின்சுழற்சி நின்னுடுச்சான்னு ரிலே சொன்ன பிறகுதான் ஸ்டார்ட். நிறுத்தி நிறுத்திக் கிளப்பினா பம்பின் ஆயுசும் குறையும். மாத்தணும்னா வொர்க்ஓவர் ரிக் (கிணற்றுக்குள்ளிருந்து பம்பைத் தூக்குற கோபுர வண்டி) வரணும். வருஷம் முழுக்க சோலார் மிச்சம் பிடிச்ச கேஸின் காசு, பத்துக் கிணறு ரெண்டு தடவை ட்ரிப் ஆகி பம்பு கெட்டா கரைஞ்சு போகும். அதனால் வயல்காரங்க கேக்கப்போறது "எத்தனை யூனிட்?" இல்லை. "உங்க சோலாரால் என் பம்பு நிக்குமா?" இதுக்குப் பதில் தயார் பண்ணிட்டுப் போங்க.

அடுத்தது, லோடில் இரவு பகல் வித்தியாசம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. ஆனால் அதைக் கொஞ்சம் பகல் பக்கம் நகர்த்தலாம். வரத்து குறைஞ்ச கிணறுகளில் பம்ப்ஜாக்கை 24 மணி நேரமும் ஓட்ட மாட்டாங்க. பம்ப்-ஆஃப் கன்ட்ரோலர் நிறுத்தி நிறுத்தி ஓட்டும். நம்ம தோட்டத்துக் கிணற்றை ஊற விட்டு ஊற விட்டு இறைக்கிற அதே சங்கதிதான். ஊறுற நேரத்தை இரவுப் பக்கமும் இறைக்கிற நேரத்தைக் காலை 9 முதல் 4 வரைக்கும் தள்ளினா பகல் லோடு கூடும், சோலாருக்கு இடம் பெரிசாகும். தண்ணீர் இன்ஜெக்‌ஷனும் அப்படித்தான். டேங்க் இருந்தா, பம்பில் விஎஃப்டி (வேகத்தை மாத்துற டிரைவ்) இருந்தா, பகலில் வேகத்தைக் கூட்டி இரவில் குறைக்கலாம். தினசரி மொத்த அளவு மாறாமல் பார்த்துக்கணும். அரை மெகாவாட் இப்படி நகர்ந்தாலும் அது காசு கொடுக்காமல் கிடைச்ச பேட்டரி.

எல்லாக் கிணற்றிலும் செய்யக் கூடாது. மெழுகு அதிகமுள்ள எண்ணெய்னா நிறுத்தின நேரத்தில் குழாய் ஆறி மெழுகு படியும். மணல் வர்ற கிணறுன்னா மணல் பம்பு மேலேயே உக்காரும். எந்தக் கிணற்றை நிறுத்தலாம்னு புரொடக்‌ஷன் ஆள்தான் பட்டியல் தரணும், நீங்க தீர்மானிக்காதீங்க.

பம்ப்ஜாக்கில் இன்னொரு குணம்: ஒவ்வொரு தலையாட்டலிலும் கொஞ்ச நேரம் கரண்ட் இழுக்கும், கொஞ்ச நேரம் மோட்டாரைத் தள்ளித் திருப்பிக் கொடுக்கும். முப்பது நாப்பது பம்பு ஒரே பஸ்ஸில் (கரண்ட் பிரிஞ்சு போற பொதுக் கம்பி) இருந்தா ஒண்ணுக்கொண்ணு ஈடாகி லோடு சமமாத் தெரியும். கடைக்கோடியில் உள்ள ஒரு ஃபீடரில் (கிளை லைனில்) மூணு நாலு மட்டும் இருந்து, அங்கேயே சோலாரையும் கோர்த்தா மீட்டர் முன்னும் பின்னும் ஆடும். சோலாரை மெயின் பஸ்ஸுக்கே கொண்டு வாங்க.

லோடு எப்படி மாறும்னும் கேட்டுக்கங்க. வயல் வயசாக ஆக எண்ணெய் குறையும், கூட வர்ற தண்ணீர் கூடும். அதைத் தூக்கவும் திரும்ப உள்ளே தள்ளவும் கரண்ட் கூடத்தான் செலவாகும். எண்ணெய் குறைஞ்சா லோடும் குறையும்னு நினைச்சு டிசைன் பண்றவங்க நிறைய பேர்.

கனமான எண்ணெய் வயல்னா பிரச்சனையே வேறே. அங்கே பெரிய செலவு கரண்ட் இல்லை, நீராவி. அதுக்குக் கண்ணாடியால் வெயிலைக் குவிச்சு நேரா நீராவி எடுக்கிறது பொருத்தம். ஓமனின் அமல் வயலில் 2013-ல் 7 மெகாவாட் வெப்ப அளவில் சோதனை போட்டு, பிறகு மிராஹ் என்ற பெயரில் பெரிசாக்கினாங்க. புழுதிக்காக கண்ணாடிகளைக் கண்ணாடி வீட்டுக்குள்ளேயே தொங்க விட்டிருக்காங்க. அதே நாட்டில் எண்ணெய் நிறுவனத்துக்காக 2020-ல் ஓட ஆரம்பிச்ச அமின் 100 மெகாவாட் நிலையம் சாதாரண பேனல்தான், ஆனால் அதுக்குப் பின்னால் பெரிய கிரிட் இருக்கு. உங்க தீவுக்கு அந்த அளவை ஒப்பிட்டு யாராவது பேசினா ஏமாந்துடாதீங்க.

தேரிமணல்

ரெண்டு பேரும் ஒயரைப் பத்தியே பேசுதீயளே, தரையைப் பத்தி யாரு பேச?

ஏலே தம்பி, 4.5 மெகாவாட்டுக்கு 18 முதல் 22 ஏக்கர் வேணும். பாலைவனம்தானே, இடத்துக்கா பஞ்சம்னு நினைக்காதே. எண்ணெய் வயலில் தரைக்கு அடியில் ஃப்ளோலைன் (கிணற்றிலிருந்து எண்ணெய் வர்ற குழாய்) ஓடுது. சில பழைய குழாய் வரைபடத்திலேயே இருக்காது. பைல் (பேனலைத் தாங்குற கால்) அடிக்கும் முன்னே குழாய் தேடும் கருவியோடு முழு இடத்தையும் நடந்து பார்க்கணும், சந்தேகம் வந்த இடத்தில் கையால் தோண்டணும். ஒவ்வொரு கிணற்றைச் சுற்றியும் ரிக் வந்து நிற்கவும் அதோட இழுவைக் கம்பிகளுக்கும் இடம் விடு. ரிக் போற பாதைக்குக் குறுக்கே மேல்நிலைக் கம்பி இழுக்காதே, கேபிளைப் புதை.

ஃப்ளேர் (மிஞ்சின கேஸை எரிக்கிற கம்பம்) புகையைக் காற்று தள்ளிட்டுப் போற பக்கம் பேனல் வைக்கவே கூடாது. அந்தப் புகைக்கரி எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டும், உலர் பிரஷ்ஷுக்கு அசையாது. வருஷம் முழுக்க காற்று எந்தப் பக்கம் அடிக்குதுன்னு காட்டுற விண்ட் ரோஸ் படம் வாங்கிட்டு இடத்தைக் குறி. நம்ம ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மாதிரி ஒரே திசையில் அடிச்சா வேலை சுலபம். அங்கே பருவத்துக்குப் பருவம் மாறும்.

கேஸில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கான்னு முதல் நாளே கேளு. இருந்தா செம்பும் வெள்ளியும் கறுக்கும். கான்டாக்டர் முனை, ரிலே, சர்க்யூட் போர்டு எல்லாம் சத்தமில்லாமல் சாகும். இன்வெர்ட்டர் போர்டுக்குப் பூச்சு வேணும், ஐஎஸ்ஏ 71.04 அரிப்புத் தரநிலையில் ஜி3 வகுப்புக்குத் தாங்கும்னு எழுதி வாங்கு. கன்ட்ரோல் ரூமில் ரசாயன ஃபில்டர் போட்டு உள்ளே காற்றழுத்தம் கொஞ்சம் கூட வை. அந்த வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். கேபிள் ட்ரெஞ்சில் இறங்குற ஆளுக்கு டிடெக்டர் இல்லாமல் அனுப்பாதே. இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர், காம்பைனர் எல்லாம் ஸோன் 1, ஸோன் 2 (எரியும் வாயு சேரக்கூடிய அபாயப் பகுதி) எல்லைக்கு வெளியே. இதில் பேரமே கிடையாது.

சோலார்காரன் எவனும் யோசிக்காத ஒண்ணு சொல்றேன். குழாய் துருப்பிடிக்காமல் இருக்க கத்தோடிக் புரொடெக்‌ஷன் கரண்ட் ஓட்டியிருப்பாங்க; குழாயை மைனஸ் 850 மில்லிவோல்ட்டுக்குக் கீழே பிடிச்சு வச்சிருப்பாங்க. நீ பக்கத்திலேயே ஆயிரக்கணக்கில் கால்வனைஸ் பைல் அடிச்சு, எல்லாத்தையும் செம்பு எர்த்தோடு சேர்த்து, அது எங்கேயோ ஒரு இடத்தில் குழாயைத் தொட்டா அந்தக் கரண்ட்டை உன் எர்த் குடிச்சிடும். குழாய் ஓட்டை விழும், பழி உன் மேலே. போதாததுக்கு பேனல் பக்கம் டிசி எர்த் ஃபால்ட் இருந்தா அதுவும் மண்ணில் அலையும். குழாயில் கரண்ட் கடக்காமல் பிரிக்கிற ஐசொலேஷன் ஜாயின்ட் இருக்கா பாரு. பைல் அடிக்கும் முன்னேயும் பின்னேயும் கத்தோடிக் கரண்ட் தர்ற ரெக்டிஃபையரை ஆன்-ஆஃப் பண்ணி டெஸ்ட் போஸ்ட்டில் அளந்து கையெழுத்து வாங்கி வை. டிசி இன்சுலேஷன் மானிட்டர் அலாரத்தை யாரும் அணைக்காமல் பார்த்துக்க.

மணல்: குதிரைமொழித் தேரியில் பார்த்திருப்பே, காற்று எந்தக் கம்பத்தையும் சுற்றி அடியிலிருந்து மணலை அரிக்கும். அங்கேயும் அதேதான். பைலை இழுத்துப் பார்க்கும் சோதனையை அஞ்சாறு இடத்தில் செய், அரிப்புக்குக் கூடுதல் ஆழம் விடு. பறக்கிற மணல் பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள்தான் தாவும், அதனால் பேனலின் கீழ் விளிம்பை அதுக்கு மேலே தூக்கு. சாய்வு நம்ம ஊரில் 8, 10 டிகிரி போதும். அங்கே 20 வை. வெயிலுக்கும் சரி, புழுதி வழுக்கவும் சரி.

புழுதி நாளைக்கு 0.4 சதவீதம் தின்னுதுன்னு வை, பத்து நாள் துடைக்கலைன்னா 4 சதவீதம். தண்ணீரில் கழுவினா பேனலுக்கு 2 லிட்டர், 8,000 பேனலுக்கு ஒரு தடவைக்கு 16,000 லிட்டர், அதுவும் உப்பு நீக்கின தண்ணீர். லாரித் தண்ணீர் கட்டுப்படியாகாது. உலர் ரோபோதான். சூரியன் இறங்கினதும் ஓட்டு. விடியற்காலை ஓட்டினா பனி ஈரத்தில் புழுதி குழைஞ்சு பூச்சு வேலை பண்ணின மாதிரி ஆயிரும், காய்ஞ்சா சுரண்டணும். ரோபோ ஓட வரிசை நேராகவும் மட்டமாகவும் இருக்கணும், அதைப் பைல் அடிக்கிறவன்கிட்ட முதல்லயே சொல்லு.

பாளை_டிசைன்

தேரிமணல் அண்ணாச்சி, கத்தோடிக் சங்கதி என் லிஸ்ட்லேயே இல்லை. கன்ட்ரோல் பக்கம் ஒரு சந்தேகம். சோலார் 3.5-க்கு மேலே போகாமல் யாரு பிடிக்கிறது? இன்வெர்ட்டரிலேயே நிரந்தர லிமிட் போட்டா போதாதா?

கயத்தாறு_காத்தாடி

போதாது. லோடு 6-லேயே நிக்குமா? இன்ஜெக்‌ஷன் பம்பு ஒண்ணு நின்னா 5.2 ஆகும், நீங்க 3.5 தள்ளினா எஞ்சின் ரெண்டும் 0.85-க்கு இறங்கும். இன்னும் குறைஞ்சா ரிவர்ஸ் பவர் ரிலே (கரண்ட் திரும்பி எஞ்சின் பக்கம் பாய்ஞ்சா வெட்டுறது) எஞ்சினையே கழட்டும். முழு வெயில் இருக்கும்போதே வயல் இருட்டாகும். பிளான்ட் கன்ட்ரோலர் ஒவ்வொரு எஞ்சினின் கிலோவாட்டையும் படிச்சு, "லோடு மைனஸ் எஞ்சினுக்கு 1.3" என்ற கணக்கில் இன்வெர்ட்டருக்குக் கட்டளை அனுப்பணும். 1.25 இல்லை, 1.3, கொஞ்சம் இடைவெளி வேணும். படிச்சு, கணக்குப் போட்டு, இன்வெர்ட்டர் இறங்கி முடிக்க 200 மில்லி செகண்டுக்குள் ஆகணும். ஃபைபர் ரிங் போடுங்க. தொடர்பு அறுந்தா இன்வெர்ட்டர் கடைசிக் கட்டளையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது, தானா பூஜ்யத்துக்கு இறங்கணும். இதைக் கமிஷனிங்கில் கேபிளைப் பிடுங்கிச் சோதிச்சுப் பாருங்க.

மேகத்தை லேசா எடுக்காதீங்க. ஆடி மாசம் மலைப் பக்கத்திலிருந்து சாரல் மேகம் ஓடும்போது தென்காசிப் பக்கம் சின்ன பிளான்ட் ஒண்ணு ஒரு நிமிஷத்துக்குள் 70 சதவீதம் விழுந்து திரும்ப எழும். பரப்பு சின்னதா இருக்கிறதால் ஒரே மேகம் மொத்தத்தையும் மூடிடும். பாலைவனத்தில் இது அபூர்வம், ஆனால் பேட்டரி அந்த அபூர்வ நாளுக்குத்தான். புழுதிப் புயல் வேற மாதிரி: மெதுவா மங்கும், ரெண்டு நாள் நிக்கும். அதுக்குப் பேட்டரி உதவாது, மூணாவது எஞ்சின் கிளம்பியே ஆகணும். அதனால் ஸ்டாண்ட்பை எஞ்சின் ஜாக்கெட் தண்ணீரை எப்பவும் சூடா வச்சிருக்கணும்.

புரொடெக்‌ஷனையும் திரும்பப் போடணும். 3.125 எம்விஏ ஆல்டர்னேட்டர், சப்-ட்ரான்சியன்ட் ரியாக்டன்ஸ் (ஷார்ட் ஆன நொடியில் அதன் உள்தடை) 15 சதவீதம்னா ஒண்ணுக்கு 20.8 எம்விஏ ஃபால்ட் லெவல், அதாவது ஷார்ட்டுக்குள் தள்ளுற அளவு. மூணு ஓடினா 62, ரெண்டு ஓடினா 42. இன்வெர்ட்டர் தன் ரேட்டிங்கைவிட 10, 20 சதவீதம்தான் கூடக் கொடுக்கும். அதை நம்பி ரிலே வைக்க முடியாது. கடைக்கோடி ஃபீடரில் ஷார்ட் ஆனா மூணு எஞ்சினுக்கு வச்ச ஓவர்கரன்ட் செட்டிங்கில் ரிலே ரெண்டு எஞ்சினில் எழும்பாமல் போகலாம். பகலுக்கு ஒரு செட்டிங் குரூப், இரவுக்கு ஒண்ணு. நேரடி ஸ்டார்ட்டில் உள்ள பெரிய இன்ஜெக்‌ஷன் மோட்டாருக்கு சாஃப்ட் ஸ்டார்ட்டர் போடாமல் ரெண்டு எஞ்சினுக்கு இறங்காதீங்க. 6 மடங்கு கரண்ட் இழுத்து வோல்டேஜ் குழி விழும், குழியில் இஎஸ்பி டிரைவ்கள் ட்ரிப் ஆகும். அதுக்கப்புறம் ஊற்றுக்கிணறு அக்கா சொன்ன அரை மணி நேரம்தான்.

பாளை_டிசைன்

எல்லாத்தையும் சேர்த்துத் திருத்திட்டேன். 550 வாட் மாட்யூல், 1,500 வோல்ட் சிஸ்டம். நம்ம கங்கைகொண்டான் பக்கத்து வேலைக்குப் போட்ட அதே ஸ்ட்ரிங்கை (வரிசையாக் கோர்த்த மாட்யூல்) எடுத்துக்கிட்டேன், ஸ்ட்ரிங்குக்கு 29 மாட்யூல். மொத்தம் 282 ஸ்ட்ரிங், 4.5 மெகாவாட் பீக். 45 டிகிரி வெயிலில் செல் 73 டிகிரி போகும்னு வச்சு, 25-க்கு மேலே டிகிரிக்கு 0.35 சதவீதம் வீதம் 17 சதவீதம் இழப்புக் கழிச்சிருக்கேன். சூடு பக்கம் சரியாத்தானே இருக்கு?

ஈரடுக்குப்பாலம்

சூடு சரி. குளிரைப் பார்த்தீங்களா?

மாட்யூலின் ஓப்பன் சர்க்யூட் (லோடு இல்லாத) வோல்டேஜ் 25 டிகிரியில் 50 வோல்ட், டிகிரிக்கு மைனஸ் 0.27 சதவீதம்னு எடுங்க. நம்ம ஊரில் மார்கழி விடியலுக்கு 18 டிகிரி: 50.95 வோல்ட், 29 போட்டா 1,477. பிரச்சனை இல்லை. பாலைவனத்தில் ஜனவரி விடியலுக்கு 5 டிகிரி வைங்க: 52.7 வோல்ட். 29 × 52.7 = 1,528. காலையில் முதல் வெயில் விழும்போது இன்வெர்ட்டர் இன்னும் லோடு எடுத்திருக்காது, பேனல் குளிர்ந்து கிடக்கும், முழு ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜும் இன்புட்டில் நிக்கும். 1,500-ஐத் தாண்டினா வாரன்டி போச்சு, சில நேரம் இன்வெர்ட்டரும் போச்சு.

28 போடுங்க. 1,476 வரும். 292 ஸ்ட்ரிங், 8,176 மாட்யூல், அதே 4.5 மெகாவாட். வரிசை நீளம் மாறும், அதனால் பைல் வரைபடத்தையும் ரோபோ தடத்தையும் சேர்த்தே திருத்தி அனுப்புங்க.